குரல் மேம்படுத்தப்பட்டது

குளியலறைக் கதவின் அடியிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. உள்ளே என் மனைவி. தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, மூடத் தெரியாமல் நின்றிருந்தாள்.

வெளியே நான் செல்போனில் ஒரு கம்பெனியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

'பழைய குரலைத் திருப்பிக் கொடுங்கள். உடனே' என்று எழுதினேன்.

'வணக்கம்! பதினோரு ஆண்டுகளாக எங்களோடு இருப்பதற்கு நன்றி' என்று பதில் வந்தது. பக்கத்தில் கைகூப்புகிற படம் வேறு.

பதினோரு ஆண்டுகள்தான். தொண்டையில் கட்டி என்று குரல்வளையையே எடுத்துப்போட்ட நாளிலிருந்து. முப்பது வருடம் பஸ் கண்டக்டராகக் கத்திய தொண்டை. இப்போது கழுத்தில் ஒரு துளை, அதன் வழியே மூச்சு. பேச்செல்லாம் செல்போனில் இருக்கிற இந்தக் கம்பெனியின் செயலிதான். நான் டைப் அடிப்பேன், அது பேசும்.

கரகரவென்று, ரயில் அறிவிப்பு மாதிரி விட்டு விட்டுப் பேசுகிற குரல். முதல் வாரம் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் அதுவே என் குரலாகிவிட்டது. சண்டையும் அதோடுதான், சமாதானமும் அதோடுதான்.

மூன்று வருடமாக அவளுக்கு ஞாபகம் நழுவிக்கொண்டு வருகிறது. போன மாதம் என் முகமும் போய்விட்டது. என்னைப் பார்த்தால் "யாருங்க, கேஸ் சிலிண்டரா?" என்பாள். செயலி பேசியதும் "அட, நீங்களா!" என்று முகம் தெளியும். அது ஒன்றுதான் எங்களுக்கு மிச்சம் இருந்தது.

இன்று காலை அதையும் பிடுங்கிக்கொண்டார்கள். போன் சார்ஜில் கிடந்தபோது செயலி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. 'சாப்பிட வா, பொம்மி' என்று டைப் அடித்தேன். இருபத்தைந்து வயது வாலிபன் ஒருவன் குழையக் குழையக் கூப்பிட்டான். கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"யார்ரா நீ? என் வீட்டுக்காரர் வரட்டும், தோலை உரிச்சுடுவாரு!"

கதவை இடித்தால் அலறல் கூடியது. 'நான்தான்' என்று டைப் அடித்தால் அந்த வாலிபனும் "நான்தான்" என்றான். கீசர் சுவிட்சை அணைத்தாயிற்று, ஆனால் தொட்டியில் கொதித்துக்கிடக்கிற தண்ணீர் தீர வேண்டுமே. எதிர்வீடு பூட்டு. மகளுக்குச் செய்தி அனுப்பினேன், அவள் வந்துசேர முக்கால் மணி நேரம் ஆகும்.

'பழைய குரல் ஓய்வு பெற்றுவிட்டது. புதிய குரல் இயல்பாக இருப்பதாகத் தொண்ணூற்றிரண்டு சதவீத வாடிக்கையாளர்கள் கருதுகிறார்கள்.'

அடப் படுபாவிகளா! மீதி எட்டு சதவீதம் எங்கே போய் முட்டிக்கொள்வது? பட்டன்களை இடம் மாற்றினீர்கள், பொறுத்துக்கொண்டேன். எழுத்தைச் சின்னதாக்கினீர்கள், கண்ணாடியை மாற்றிக்கொண்டேன். ஒரு மனுஷன் தொண்டையில் கை வைக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். அவசரத்தில் பாதி எழுத்துப்பிழை.

'உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் இந்த மாற்றத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு.'

கீழே ஒரு பழைய புகார். ஒன்பது வருடத்துக்கு முந்தையது. எழுதியவன் நான்.

பொம்மி என்பது அவளுக்கு நான் வைத்த செல்லப்பெயர். பழைய குரலுக்கு அது வாயில் நுழையாது. பொம்மையில் வருகிற 'பொ'வுக்குப் பதிலாகப் பொட்டில் வருகிற 'பொ'வைப் போட்டு அழுத்திக் கூப்பிடும். அவள் அதற்கும் சிரித்துக்கொண்டே வந்துவிடுவாள். எனக்குத்தான் ரோஷம்.

'கட்டின பொண்டாட்டி பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத குரலை வைத்துக்கொண்டு என்ன கம்பெனி நடத்துகிறீர்கள்? முதலில் அதை மாற்றுங்கள்.' என் வார்த்தைகள்தான். என் நக்கல்தான். அதற்குப் பிறகு ஆறு முறை நினைவூட்டியும் இருக்கிறேன்.

'உங்களைப் போன்றவர்களின் கருத்தால்தான் இது சாத்தியமானது. நன்றி!'

தலையில் அடித்துக்கொண்டேன். புதியவன் அந்தப் பெயரை அட்சரசுத்தமாகச் சொல்கிறான். புருஷன் மட்டும் கூப்பிடுகிற பெயரை எவனோ ஒருவன் அத்தனை கொஞ்சிச் சொன்னால் எவள்தான் ஓடமாட்டாள்?

கையிலிருந்த போன் அடித்தது. அவள்தான்.

அவள் கழுத்தில் எப்போதும் ஒரு பட்டன் போன் தொங்கும். ஒன்றாம் பட்டனை அழுத்தினால் என் எண்ணுக்கு வந்துவிடும். எடுத்தேன்.

"ஏங்க, எங்க இருக்கீங்க? வீட்டுக்குள்ள எவனோ பூந்துட்டான். கதவைப் போட்டு இடிக்கிறான். பயமா இருக்குங்க. சீக்கிரம் வாங்க."

கதவு வழியாக ஒரு முறை, போன் வழியாக ஒரு முறை, இரண்டு முறை கேட்டது. நான் எதை டைப் அடித்தாலும் அவன்தான் பேசுவான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதாலும் எனக்குச் சத்தம் வராது. கழுத்துத் துளை வழியே காற்றுதான் இரைந்தது.

"ஐயோ, ஏன் இப்படி மூச்சு வாங்குது? உங்களையும் அடிச்சுட்டானா? இருங்க... இருங்க, நான் வரேன்."

தாழ்ப்பாள் நகர்ந்தது.

கரப்பான்பூச்சியைக் கண்டாலே நாற்காலிமேல் ஏறிவிடுகிறவள் ஆவிக்குள்ளிருந்து வெளியே வந்தாள். நைட்டி தொப்பலாக நனைந்திருந்தது. பாதம் இரண்டும் வெந்து சிவந்திருந்தன. கையில் ஒரு மக் நிறைய வெந்நீர்.

அதை என் முகத்துக்கு நேராக ஓங்கினாள்.

"அவரை என்னடா பண்ணினே?"