மடுவை விட்டு நகராத மச்சான்

"மச்சான், ஒரு எட்டு கீழே இறங்கு. காலையிலேருந்து நட்டு வச்ச மாதிரி அங்கயே நின்னா மத்தவன் எங்க போய் வீசறது?"

கரையிலிருந்து கத்தியவன் எம்மெட். தொடையளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்த டெல்பர்ட், எம்மெட்டின் மனைவி டோரீனின் அண்ணன். கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தான்.

"எனக்கு இந்த இடம் பிடிச்சிருக்கு மாப்பிள்ளை. நீ மேல போய் வீசு."

ஆல்டர் ஆற்றில் இப்படி யாரும் செய்வதில்லை. மடுவின் மேல்முனையில் இறங்கினால், ஒரு வீச்சுக்கு ஒரு எட்டு கீழே நகர வேண்டும். பின்னால் வருகிறவனுக்கும் மீன் வேண்டும் அல்லவா? தூண்டில் சங்கத்தில் இதையெல்லாம் எல்லோருக்கும் ஓதுகிறவனே டெல்பர்ட்தான். ஆற்றில் எப்படிக் கால் வைக்க வேண்டும் என்று வருஷா வருஷம் வசந்தத்தில் புதியவர்களுக்குப் பாடம் எடுக்கிறவனும் அவன்தான்.

எம்மெட்டுக்கு வயிறு எரிந்தது. ஸ்டீல்ஹெட் மீன் பிடிக்க அன்றுதான் கடைசி நாள். பொழுது சாய்ந்தால் அடுத்த பனிக்காலம்வரை தூண்டிலைத் தொட முடியாது. பருவம் முழுக்க ஒரு ஸ்டீல்ஹெட்கூடப் பிடிக்காதவன், சனிக்கிழமை நடக்கும் சங்க விருந்தில் ரோஜா நிற ஏப்ரன் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் பரிமாற வேண்டும். அதைப் போட்டோ எடுத்துத் தூண்டில் கடைச் சுவரில் மாட்டுவார்கள். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் எம்மெட்தான் அந்தச் சுவரில் அசட்டுச் சிரிப்புடன் நிற்கிறான். ஒரு தூண்டில் முள் வாங்கக்கூட அந்தக் கடைக்கு அவன் போவதில்லை.

பிடித்த மீனைக் காட்ட வேண்டும் என்றும் இல்லை. ஆற்றிலேயே பிறந்து வளர்ந்த மீனைப் பிடித்ததும் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். பக்கத்தில் நின்று பார்த்த ஒருவர் சங்கத்தில் எழுந்து சாட்சி சொன்னால் போதும்.

"மச்சான், நீ நகரவே வேணாம். நான் ஒண்ணு பிடிச்சேன்னு மட்டும் சனிக்கிழமை சொல்லிடு. இப்பவே வீட்டுக்குக் கிளம்பிடலாம்."

"தங்கச்சி புருஷன்னா என்ன, பெத்த அப்பனே வந்து கேட்டாலும் இந்த வாயில பொய் வராது" என்றான் டெல்பர்ட்.

அந்த நேரம் பார்த்து அவன் தூண்டில் வளைந்தது. வெள்ளி நிறத்தில் ஒரு மீன் தண்ணீருக்கு மேலே எம்பி விழுந்து, ஆற்றோடு கீழே பாய்ந்தது. வேறு யாராக இருந்தாலும் கரையேறி அதன் பின்னாலேயே ஓடியிருப்பார்கள். டெல்பர்ட் அசையவில்லை. உருளையிலிருந்த நூல் முழுக்க ஓடித் தீர்ந்து, பட்டென்று அறுந்தது.

"என்ன மச்சான், விட்டுட்ட? பின்னாலயே போயிருந்தா கையில வந்திருக்குமே."

"சின்ன மீன் மாப்பிள்ளை."

சின்ன மீனா? எம்மெட்டின் கை நீளம் இருந்தது. அதையே விட்டுக்கொடுத்து ஒருவன் இடத்தைக் காக்கிறான் என்றால், அவன் காலடியில் எப்பேர்ப்பட்ட மீன் கிடக்க வேண்டும். எதைக் கொடுத்தாவது அந்த இடத்தை வாங்கிவிடுவது என்று எம்மெட் முடிவு செய்தான்.

முதலில் காப்பி பிளாஸ்கை நீட்டினான்.

"இங்க கொண்டா" என்றான் டெல்பர்ட். எம்மெட் தண்ணீருக்குள் நடந்து போய்க் கொடுத்தான். பனி உருகி ஓடும் தண்ணீர், கழுநீர் போலக் கலங்கிக் கிடந்தது. டெல்பர்ட் காப்பியை ஒரு சொட்டு விடாமல் குடித்தான். நகரவில்லை.

அடுத்து, டோரீன் கட்டிக் கொடுத்த சாண்ட்விச் போயிற்று. பிறகு, மீனை ஏமாற்றத் தூண்டிலில் மாட்டுவதற்காகக் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து ஊதா இறகில் எம்மெட் கட்டிய பொய்ப்பூச்சி. அதையும் வாங்கித் தொப்பியில் செருகிக்கொண்டான்.

"சரி, இதைக் கேளு. பழைய மரப்பாலத்துக்குக் கீழ ஒரு இடம் இருக்கு. டோரீன்கிட்டகூட நான் சொன்னதில்ல. அதை உனக்குக் காட்டறேன். இப்பவாவது நகரு."

"பாலத்துக்குக் கீழயா? ரொம்ப சந்தோஷம். ஞாபகம் வச்சுக்கறேன்."

அப்போதும் நகரவில்லை. ஆற்றில் மேலும் கீழுமாக நின்று மீன் பிடித்தவர்கள் எல்லோரும் வண்டியேறிப் போய்விட்டார்கள். வெயில் தேவதாரு மரங்களுக்குப் பின்னால் இறங்கியது. எம்மெட்டுக்கு அழுகையே வந்துவிட்டது.

"நீயெல்லாம் ஒரு மச்சானா? ஏப்ரனை நானே கட்டிக்கறேன். நீ இங்கயே குடித்தனம் பண்ணு."

தூண்டிலை மடக்கிக்கொண்டு அவன் கரையேறினான்.

"மாப்பிள்ளை." டெல்பர்ட்டின் குரல் இறங்கியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. "போயிடாதடா. வா, இடத்தை உனக்கே தரேன்."

எம்மெட் தூண்டிலைப் பிரித்துக்கொண்டே தண்ணீரில் பாய்ந்தான்.

"தூண்டில் வேணாம். கையைக் கொடு."

"கை எதுக்கு?"

"இழுக்கத்தான். காலையில இறங்கினதுமே இடது கால் ரெண்டு பாறைக்கு நடுவுல மாட்டிக்கிச்சு. இந்த வாரம் பாடம் எடுக்கணும் மாப்பிள்ளை, யார்கிட்டயும் வாயைத் திறந்துடாத."

எம்மெட் அவன் கையைப் பிடித்தான். பிறகு பிடித்த கையை மெல்ல விட்டுவிட்டு, பக்கத்துப் பாறையில் சாவகாசமாக உட்கார்ந்தான்.

"இழுக்கறேன் மச்சான். அதுக்கு முன்னாடி, நான் இன்னைக்குப் பிடிச்ச மீன் எவ்வளவு பெருசுன்னு ஒரு தடவை சொல்லு, கேக்கலாம்."