ஏரியில் ஒரு சிவப்புத் தொப்பி

தண்ணீருக்கு மேலே சிவப்புத் தொப்பி மட்டும்தான் தெரிந்தது. ஏரிக்குள் நீண்டிருந்த மரப்பாலத்தின் நுனிக்கு ஓடிவந்தார் டிரில் மாஸ்டர்.

“சிவப்பூ!” என்று கத்தினார். ஒரு காலத்தில் மைதானத்தையே நடுங்க வைத்த குரல், எதிர்க்காற்றில் அவர் முகத்திலேயே வந்து விழுந்தது. தொப்பி கரையை விட்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது.

பள்ளிக்கூடத்தில் அவர் எந்தப் பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சிவப்பு அணி, நீல அணி, அவ்வளவுதான். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை.

மகளின் இரட்டைப் பெண்களுக்கு ஒரே முகம், ஒரே குரல். தாத்தா அவர்களைப் பார்ப்பதே வருஷத்துக்கு ஒரு தரம், விடுமுறைக்கு எல்லோரும் வடக்கே இந்த ஏரிக்கரை வீட்டுக்கு வரும்போதுதான். வந்து இறங்கியதும் ஆளுக்கொரு நீச்சல் தொப்பியை மாட்டிவிடுவார். அப்புறம் சாப்பிடக் கூப்பிடுவதுகூட நிறத்தைச் சொல்லித்தான். பிள்ளைகளுக்கும் அது விளையாட்டாகப் பிடித்துப்போயிருந்தது.

நீலம் மீன்குஞ்சு, நீச்சல் போட்டியில் கோப்பை வாங்கியவள். சிவப்புக்குச் சின்ன வயதிலேயே காதில் ஆபரேஷன். நீச்சல் வகுப்புப் பக்கமே அவளை விட்டதில்லை.

“அப்பா, உங்க சிவப்பைத் தண்ணிகிட்ட விட்றாதீங்க. உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறோம்” என்று சொல்லிவிட்டுத்தான் மகள் மாப்பிள்ளையோடு கடைக்குப் போயிருந்தாள். மாஸ்டர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து காவல் காத்தார். காத்த லட்சணம், கொஞ்ச நேரத்தில் குறட்டை விட்டுவிட்டார்.

விழித்தபோது, பாலத்தில் நீலத் தொப்பி. ஏரியில் சிவப்புத் தொப்பி.

“எப்படி உள்ள போனா? நீ என்ன பார்த்துக்கிட்டு இருந்தே?”

நீலம் மரத்தூணை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். “தாத்தா, வந்து... நாங்க ரெண்டு பேரும்...”

“கதையெல்லாம் அப்புறம் சொல்லு! போய் எவ்வளவு நேரமாச்சு?”

“இப்பத்தான். ஆனா தாத்தா...”

“ஆனாவும் வேண்டாம், ஆவன்னாவும் வேண்டாம்!”

படகுக்காரரின் கொட்டகையைப் பார்த்தார். பூட்டியிருந்தது. படகுகளைச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார் மனுஷன். மிதவை வளையம் மாட்டும் கொக்கியும் காலி. “யாராவது ஓடி வாங்களேன்!” என்று கரையைப் பார்த்துக் கதறினார். சாத்திய சன்னல்களுக்குப் பின்னால் எங்கோ ஒரு நாய் மட்டும் குரைத்தது.

சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பாலத்து ஏணியில் இறங்கினார். தண்ணீர் மார்பைத் தொட்டதுதான் தாமதம், நெஞ்சை யாரோ பிடித்துப் பிழிந்தமாதிரி இருந்தது. போன வருஷம் இதயத்தில் அடைப்பு எடுத்த டாக்டர், குளிர்ந்த தண்ணீரில் குளிக்கவே கூடாது என்று சொல்லியிருந்தார். இடது கை மரத்துப்போய், ஏணிக்கம்பி நழுவியது. தான் போய்ச் சேருவதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. பாதி வழியில் போய்ச் சேர்ந்தால் அவளை யார் தூக்குவது?

மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார். அந்த நேரம் பார்த்துச் சிவப்புத் தொப்பி தண்ணீருக்குள் அமிழ்ந்தது. ஒரு யுகம் கழித்து மறுபடி எழும்பியது.

“ஐயோ, என் கண்ணு!” மாஸ்டர் வாய்விட்டு அழுதார். மகள் வந்து கேட்டால் எந்த முகத்தோடு நிற்பது? தூங்கிவிட்டேன் என்று சொல்வதா?

அழுகையோடு திரும்பியவர் கண்ணில் நீலத் தொப்பி பட்டது. நிமிர்ந்தார்.

“நீலம், இங்க வா. நீதான் போகணும்.”

பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. “நானா?”

“வேற யாரு இருக்கா? கோப்பை வாங்கினவ இல்ல நீ? பின்பக்கமா போய் அவ தாடையைப் பிடி. மல்லாக்கத் திருப்பி இழுத்துக்கிட்டு வா. வகுப்புல சொல்லிக் குடுத்திருப்பாங்கல்ல?”

“தாத்தா, நான் ஒண்ணு சொன்னா திட்டமாட்டீங்களே?”

“கூடப் பொறந்தவ அங்க செத்துக்கிட்டிருக்கா, உனக்கு இப்பத் திட்டுத்தான் பெரிசா போச்சா!”

தூணிலிருந்து அவள் விரல்களைப் பிரித்து எடுத்து, பலகையின் விளிம்புக்கு நடத்தி வந்தார். கீழே தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. அவர் உள்ளங்கைக்கு அடியில் அந்தச் சின்ன முதுகு வெடவெடவென்று நடுங்கியது. பாவம், அக்காவோ தங்கையோ, ரத்தம் துடிக்காமல் இருக்குமா?

பயந்த பிள்ளையை யோசிக்க விட்டால் இன்னும் பயப்படும். விசில் ஊதிவிட்டால் யோசிக்காது. அது அவர் அனுபவம். இந்த வீட்டிலும் தாத்தாவின் விசிலுக்கு மறுபேச்சு கிடையாது. ஓடு என்றால் ஓடுவார்கள், குதி என்றால் குதிப்பார்கள்.

“விசில் அடிச்சதும் குதிக்கணும். ஒண்ணும் ஆகாது. தாத்தா இருக்கேன்.”

கழுத்தில் தொங்கிய விசிலை உதட்டில் வைத்தார். ஒரு கை அவள் முதுகில் இருந்தது. குதிக்கத் தயங்கினால் தள்ளிவிடவும் அந்தக் கை தயாராக இருந்தது. மூச்சை இழுத்தார்.

அவள் வெடுக்கென்று திரும்பி அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நீலத் தொப்பியைப் பிய்த்துக் கழற்றி அவர் கையில் திணித்தாள்.

“தாத்தா, எனக்கு நீச்சல் தெரியாது!”