மாவு டப்பாவில் கப்பல்

மாணவி திருப்பித் தந்த கப்பல் கதைப் புத்தகத்தை லைப்ரரி மிஸ் உதறினார். மேசையெல்லாம் மாவு கொட்டியது.

“என்னம்மா இது?”

ஏழாம் வகுப்புப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். “மாவு டப்பாவுல ஒளிச்சு வெச்சிருந்தேன், மிஸ்.”

“தினம் கொஞ்ச நேரம் படிங்கன்னா ஒளிச்சு வெக்கிறியா? படிக்க அவ்வளவு கசக்குதா?”

“இல்ல மிஸ், முழுசாப் படிச்சிட்டேன்.”

“அப்புறம் ஏன் ஒளிச்சே?”

“அப்பாவுக்குப் பயந்துதான்.”

மிஸ்ஸுக்குச் சுருக்கென்றது. “அவரு படிக்க விட மாட்டாரா?”

“எங்க மிஸ் விடறார்? கையில புத்தகத்தைப் பார்த்தாலே பிடுங்கிடுவார்.”

“நாளைக்கே அவரை வரச் சொல்லு. நான் பேசிக்கறேன்.”

“இப்பவே வெளியதான் நிக்கறார், மிஸ்.”

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடும் வேகத்தில் மிஸ் வாசலுக்கு வந்தார். ஆபீஸ் பையோடு நின்றிருந்த அப்பா முந்திக்கொண்டார்.

“மிஸ், அந்தக் கப்பல் கரை சேர்ந்துச்சா இல்லையா? கடைசி அத்தியாயம் வரும்போது இவ புத்தகத்தை ஒளிச்சிட்டா. வீடு பூரா தேடிட்டேன். கேட்டாலும் சொல்ல மாட்டேங்கறா.”