மெர்வ் மூடும் குழாய்

பாசனத் தண்ணீர்ச் சந்தையில் மர்ரே ஆற்றுத் தண்ணீர் இன்று காலை பத்து லட்சம் லிட்டர் எண்ணூறு டாலருக்குப் போகிறது. போன வாரம் ஐந்நூறு. நோலீன் கைப்பேசியில் அந்த விலையைப் பார்த்துவிட்டு, வாங்க வக்கில்லாதவள் கடைவாசலைக் கடப்பதுபோல், அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்கிறாள். கையிருப்புத் தண்ணீர் உருளைக்கிழங்கு வயலில் ஒரு பாதிக்குத்தான் காணும். கிழக்குப் பாதி அவளுடையது, மண்ணுக்குள் சொட்டுக்குழாய். மேற்குப் பாதி கணவன் மெர்வுடையது. தெளிப்பான் சுற்றிச் சுற்றி இறைப்பதில் பாதியை வெயிலே குடித்துவிடுகிறது. எவர் பாதி அதிகம் விளையும் என்று விதைக்கும்போதே ஒரு பெட்டி பீர் பந்தயம். இப்போது அவள் மேற்கில் மண்டியிட்டு ஒரு பிடி மண்ணை உருட்டுகிறாள். அது விரலிடுக்கில் மாவாக ஒழுகுகிறது. பிடுங்கிய செடியின் அடியில் கோலிக்குண்டு அளவில் ஏழு கிழங்குகள்.

"பொழைக்குமா?" குழாயடியில் நிற்கிற மெர்வ் கேட்கிறான்.

"தண்ணி விட்டா பொழைக்கும்ப்பா."

"உன்னுது?"

"அதுவும் அப்படித்தான்."

"என்னுது மொடாக்குடிகாரன். உன்னுது அரை கிளாஸ்ல குடும்பம் நடத்தும். அதுக்கே விடு."

அவன் குழாயைத் திருகுகிறான். தெளிப்பானின் டிக் டிக் சத்தம் தளர்ந்து நிற்கிறது. கடைசித் துளி இலையில் விழுந்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்கிறது.

"ஜெயிச்சிட்டே போ," என்கிறான், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பதினெட்டு ஏக்கரில் பிழைப்பது ஒன்பது, சாவது ஒன்பது. மெர்வ் தர வேண்டிய பாக்கி, ஒரு பெட்டி பீர்.