நடீனுக்கு ஆறு அம்பு

"நாற்பது பவுண்டு வில்லை வெச்சுக்கிட்டு எல்க் வேட்டையா? அதைப் பார்த்து அணில்கூடச் சிரிச்சுட்டுப் போகும், ராய்ஸ்."

சொன்னவன் வெர்ன். மரம் அறுக்கும் ஆலை வேலையை விட்ட பிறகு, கிளெண்டாவின் வில் கடையில் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரை வம்புக்கு இழுப்பதுதான் அவனுடைய உத்தியோகம். சிரித்துக் கொடுக்கக் கூடவே இரண்டு பேர்.

ராய்ஸ் இடது கையால் வில் பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைத்தான். நாணை இழுக்க எழுபது பவுண்டு பலம் கேட்கும் வில்லை வளைத்து மொன்டானா மலைகளில் பேர் வாங்கியவன் அவன். ஒவ்வொரு வேட்டைப் பருவத்திலும் ஊரில் முதல் எல்க் மானை வீழ்த்திய அம்பை, அடித்தவர் பெயரை எழுதி இந்தக் கடைச் சுவரில் மாட்டுவது வழக்கம். கடந்த ஏழு வருடமாகத் தொங்குவதெல்லாம் ராய்ஸின் அம்புதான்.

"எனக்கு இல்ல, நடீனுக்கு," என்றான் ராய்ஸ். "இந்த வருஷம் நான் அவளுக்கு மூட்டை தூக்கப் போறேன்."

"உன் பொண்டாட்டிக்கா? அவ குனியாமலே எல்க்கோட வயித்துக்கடியில பூந்து அந்தப் பக்கம் போயிடுவாளே," என்றான் வெர்ன்.

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது. நீ காப்பியைக் குடி," என்று கிளெண்டா அவன் வாயை அடைத்தாள்.

ராய்ஸ் அவள் பக்கமாகக் குனிந்து, தணிந்த குரலில் தன் பயத்தைச் சொன்னான். இழுவை குறைந்த வில்லில் சாதாரண அம்பைத் தொடுத்தால் விலா எலும்போடு நின்றுவிடும். காயம்பட்ட மான் எங்காவது பள்ளத்தில் விழுந்து, யாருக்கும் உதவாமல் செத்துப் போகும்.

"அப்படி ஒண்ணு நடந்துட்டா, அதுக்கப்புறம் வில்லைத் தொடுறதே இல்லன்னு முடிவு பண்ணியாச்சு, கிளெண்டா."

கிளெண்டாவுக்கு அது போதும். வில்லில் இல்லாத பலத்தை அம்பில் வைப்பது அவளுக்குக் கைவந்த கலை. அம்பின் நீளம் எவ்வளவு என்று கேட்டாள்.

"இருபத்தொன்பதரை அங்குலம்."

கண்ணாடிக்கு மேலாக அவனை ஒருமுறை பார்த்தாள். பிறகு ரம்பத்தை ஓடவிட்டாள். அந்தச் சத்தத்தில் கடையில் அரட்டை நின்றது.

ஆறு கார்பன் அம்புகளை வெட்டினாள். வெட்டிய வாயை உப்புத்தாளில் தேய்த்து, துடைத்து, உள்ளே கனமான பித்தளைச் செருகை உருகு பசை வைத்து இறக்கினாள். அதன்மேல் இரண்டு பக்கமும் கூரான தடித்த எஃகு முனையைத் திருகினாள். அம்பு எடையைக் கிரெயின் என்ற சிற்றளவில்தான் கணக்கிடுவார்கள்; வழக்கமாக முன்பக்கம் நூற்றுச் சொச்சம் கிரெயின் வைப்பார்கள். அவள் வைத்தது முந்நூறு. பிறகு ஒவ்வொன்றாக உருளைகளின்மேல் வைத்துச் சுழற்றினாள். ஐந்து ஆடாமல் சுழன்றன. ஆறாவதன் முனை மயிரிழை ஆடியது. பரவாயில்லை என்று ராய்ஸ் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. சூடுகாட்டி, செருகைப் பிடுங்கி, மறுபடி ஒட்டிய பிறகுதான் அதைக் கையை விட்டு விட்டாள்.

வெர்ன் எழுந்து வந்து ஓர் அம்பைக் கையில் எடை பார்த்தான்.

"நடீன்கிட்ட நான் சொன்னதாச் சொல்லு," என்றான். "நாற்பது பவுண்டு இழுக்குறதுல ஒரு குறைச்சலும் இல்ல. பக்கத்துல போகத் துணிச்சல் இருந்தாப் போதும். இருபது கஜத்துக்குள்ள நின்னு அடிக்கச் சொல்லு."

"சொல்றேன்," என்றான் ராய்ஸ். பெட்டியை இடது கையில் தூக்கிக்கொண்டு வெளியேறினான்.

செப்டம்பர் இரண்டாம் வாரம் கடைக் கதவு திறந்தது. ராய்ஸ் துணியில் சுற்றிய அம்போடு நின்றான். முகத்தில் மூன்று நாள் தாடி, அதையும் மீறி ஒரு வெளிச்சம்.

"பதினெட்டு கஜம். விலா எலும்பை வெட்டிக்கிட்டு அந்தப் பக்கம் போய் மண்ணுல குத்தி நின்னுச்சு. மான் அறுபது அடிகூட ஓடல."

கிளெண்டா எஃகு முனையை விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு முறிவு இல்லை, ஒரு வளைவு இல்லை. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. நாற்பது பவுண்டு வில்லும் தன் அம்பும் ஓர் எல்க்கைச் சாய்த்திருக்கின்றன. இந்த வருடம் இன்னும் வேறு யாரும் கொண்டு வரவில்லை என்பதால், முதல் அம்பும் அதுதான்.

ஏணியில் ஏறி அதைச் சுவரில் மாட்டினாள். கீழே பலகையில் பேனாவால் பெயரை எழுதிவிட்டு விலகி நின்றாள். ராய்ஸ் அதைப் படித்தான். அவன் முகம் வெளிறிப் போனது. பலகையில் 'ராய்ஸ்' என்று இருந்தது.

"கிளெண்டா, தப்பா எழுதிட்ட. அடிச்சது நடீன்."

வெர்ன் யாருக்கும் விட்டுக்கொடுக்காத தன் நாற்காலியை அவன் பக்கம் தள்ளினான்.

"உட்காருப்பா. அஞ்சடி நடீனோட கைக்கு இருபத்தஞ்சு அங்குல அம்பே தாராளம். நீ இருபத்தொன்பதரைன்னு உன் அளவைச் சொன்னப்பவே கடை முழுக்கத் தெரிஞ்சு போச்சு," என்றான். "அது கிடக்கட்டும், உன்னை நாற்பது பவுண்டுக்கு இறக்கின அந்த வலது தோள் இப்ப எப்படி இருக்கு?"