இரண்டாவது கப்பல்

ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுக் கூடத்தில் மத்தியான வெயில் பழைய ஓவியத்தின் மேல் சாய்ந்து விழுகிறது. அதிலுள்ள பெரிய கப்பல் பிறகு கடலில் மூழ்கிப்போனது எஸ்தர் குடும்பத்துக்குத் தெரியும். ஆனால் சின்னத் தாத்தா ஏறியது பின்னால் வரும் சிறிய கப்பலில் என்பது அவர்கள் நம்பிக்கை. அவர் திரும்பி வருவார் என்று ஏற்றிய வாசல் விளக்கு தலைமுறைகள் தாண்டி, இன்று பல்பாகப் பகலிலும் எரிகிறது. ஓவியத்தைச் சுத்தம் செய்ய வந்த சிந்து, சிறிய கப்பலின் பின்புறத்தில் ஈரப்பஞ்சை உருட்டுகிறாள். புகைக்கறை விலகி எழுத்துகள் தெரிகின்றன. பெரிய கப்பலின் அதே பெயர். “ரெண்டும் ஒரே கப்பல்தான் ஆன்ட்டி. பக்கவாட்டுல ஒண்ணு, பின்னாலேர்ந்து ஒண்ணுன்னு ஒரே படத்துல வரைவாங்க அப்பல்லாம்.” பஞ்சு கறுத்திருக்கிறது. எஸ்தர் வாசலைப் பார்க்கிறார். “அந்த அழுக்கைத் திரும்பப் பூசிடும்மா,” என்கிறார்.