மாதம் இரண்டாயிரம் வெள்ளி

"கடன் தவணை, இன்சூரன்ஸ், சாலை வரி, பார்க்கிங், பத்து வருஷத்துல செல்லாமப் போற உரிமைச் சான்றிதழ்... எல்லாம் சேர்த்து மாசம் ரெண்டாயிரம் வெள்ளி, அபாங்!" கைப்பேசியில் கணக்கை முடித்த நூர்ஹைடா கணவனைப் பார்த்துக் கத்தினாள்.

"பெட்ரோலை விட்டுட்டியே" என்றான் ருஸ்லான் எரிச்சலாக.

"போட்டாத்தானே! நீங்க வேலைக்குப் போறது ரயில்ல. பிள்ளைங்க போறது பஸ்ல. இந்தக் கார் உங்கம்மா மாதிரி, உட்கார்ந்த இடத்துலயே உட்கார்ந்து நம்ம சம்பளத்தைத் தின்னுது!"

"எங்கம்மாவை இழுக்காத! உங்கப்பா மட்டும் என்ன, எழுந்து போய் மரம் வெட்டுறாரா?"

"இந்தக் காசுல நம்ம பையன் ஐமானுக்குப் பல்லுக்குக் கம்பி கட்டியிருக்கலாம். சிங்கப்பூர்ல கார் வச்சிருக்கேன்னு பீத்திக்கத்தானே வாங்குனீங்க?"

"அன்னிக்கு நீயும்தானே தலையாட்டுன? போதும்! நாளைக்கே வித்துடறேன்!"

"வித்துத் தொலைங்க!"

இருவருக்கும் மூச்சு வாங்கியது. நூர்ஹைடா இறங்கிப் போகக் கார்க் கதவில் கை வைத்தாள். திறக்க மனம் வரவில்லை.

மேலே பதினோராவது மாடியில், இரண்டு படுக்கையறை வீட்டில், அவன் அம்மா, அவள் அப்பா, நான்கு பிள்ளைகள். அங்கே இவர்கள் ஒருவரையொருவர் அதட்டியதுகூட இல்லை. அந்தக் கட்டடமே இவர்களைத்தான் நல்ல ஜோடி என்று உதாரணம் காட்டும்.

"அபாங்" என்றாள் மெதுவாக. "வித்துட்டா நாம எங்க வந்து சண்டை போடுறது?"

ருஸ்லான் யோசித்தான். பிறகு ஜன்னல் கண்ணாடியை முழுசாக ஏற்றிவிட்டு, அவள் பக்கம் திரும்பி முறைத்தான்.

"சரி, விக்கல. என்னைக் கேக்காம உன் தம்பி குடும்பத்தைப் பெருநாளுக்கு எதுக்குடி கூப்பிட்ட?"